16 ஜிபி என்று வாங்கிய பாட்டுப்பெட்டி: தோடியைத் தொட்டால் வில்லுப்பாட்டு வருகிறது

குடவாசல்காரன் | சனி, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். விஷயம் சிறியதுதான். ஆனால் மூன்று நாட்களாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்பாவுக்கு 78 வயது. அவரிடம் 115 கேசட்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் நாகஸ்வரம், கோயில் திருவிழாக்களில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தது. மீதி கதாகாலட்சேபமும், நாங்குநேரியில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த வில்லுப்பாட்டும். ஒன்றரை வருடம் செலவழித்து எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினேன். மொத்தம் 412 கோப்புகள், 6.2 ஜிபி. பெயர்களைத் தமிழில் வைக்காமல் 001 முதல் 412 வரை எண் போட்டுவிட்டேன்.

அவர் செல்பேசியைத் தொட மாட்டார். "பாட்டு மட்டும் பாடுகிற பெட்டி இருந்தால் கொடு" என்றார். இணையத்தில் தேடி, 899 ரூபாய்க்கு ஆப்பிளின் ஐபாட் நானோ போலவே இருக்கும் ஒன்றை வாங்கினேன். 16 ஜிபி என்று போட்டிருந்தார்கள். நாலரை நட்சத்திரம்.

கணினியில் செருகினால் 14.8 ஜிபி என்று காட்டுகிறது. 412 கோப்புகளும் ஏறிவிட்டன. பட்டியலில் எல்லாப் பெயரும், அளவும், நேரமும் சரியாக இருக்கின்றன. ஆனால் 001-ஐ, அதாவது தோடி ஆலாபனையை அழுத்தினால் வில்லுப்பாட்டு வருகிறது. அதுவும் ஆரம்பத்திலிருந்து அல்ல, குடத்தை அடித்துக்கொண்டிருக்கும் நடுப்பகுதியிலிருந்து! அப்பா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத முடியாது.

கலைத்துப் போடும் வசதியை நிறுத்திப் பார்த்தேன். அணைத்து எழுப்பினேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே கதை. என்ன செய்யலாம்?

மஞ்சள்மண்டி | சனி, இரவு 9:30

ஃபார்மட் செய்யுங்கள். எனக்கும் இப்படி வந்தது, ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது.

சந்தேகராசா | சனி, இரவு 9:41

899 ரூபாய்க்கு நானோவா? அசல் நானோவின் ஏழாம் தலைமுறை 2012இல் வந்தது, 2017 ஜூலையில் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். "புத்தம் புதியது, முத்திரை பிரிக்காதது" என்று இன்று எவன் விற்றாலும் பொருள் என்னவென்று கேட்கவே வேண்டாம். இன்னொன்று: அசலில் பாட்டை இழுத்துப் போட்டால் ஏறாது, ஐட்யூன்ஸ் என்ற ஆப்பிளின் நிரல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். உங்களுடையதில் இழுத்துப் போட்டீர்கள், ஏறியது. அங்கேயே சாயம் வெளுத்துவிட்டது.

குடவாசல்காரன் | சனி, இரவு 9:55

ஐயா, போலி என்று தெரிந்துதான் வாங்கினேன். அட்டைப்பெட்டியிலேயே ஆப்பிள் என்று இல்லை. திரையில் அச்சடித்த படம் மட்டும்தான், தொட்டால் ஒன்றும் நடக்காது, கீழே பொத்தான்கள் இருக்கின்றன. அப்பாவுக்குப் பொத்தான்தான் வசதி. பாட்டு ஒழுங்காகப் பாடினால் போதும், அசலாக இருக்க வேண்டியதில்லை.

மஞ்சள்மண்டி: ஃபார்மட் இரண்டு முறை ஆயிற்று.

சந்தேகராசா | சனி, இரவு 9:58

தெரிந்தே கிணற்றில் இறங்கியவருக்குக் கயிறு எதற்கு?

பழையரேடியோ | சனி, இரவு 10:20

சந்தேகராசா தம்பி, அப்பாவுக்காக வாங்கிக் கொடுத்த மனிதரைக் குத்திக் காட்டாதீர்கள். நான் முப்பது வருடமாக ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிறவன். 2007, 2008 வாக்கில் "எம்பி4" என்ற பெயரில் இப்படிப் பெட்டிகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஏஎம்வி என்று ஒரு வினோதப் படக் கோப்பு அதில் ஓடும். உறை ஒன்றுதான், உள்ளே பலகை பத்து விதம். ஒன்றைப் பிரித்துக் கற்றுக்கொண்டது அடுத்ததற்குப் பயன்படாது.

குடவாசல்காரரே, ஒரே ஒரு பாட்டை மட்டும் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காகப் பாடுகிறதா?

குடவாசல்காரன் | சனி, இரவு 10:47

ஒன்று பாடுகிறது. பத்து ஏற்றினேன், பத்தும் பாடுகின்றன. நூறு ஏற்றினால்கூடப் பாடுகின்றன! 412-ஐயும் ஏற்றினால்தான் கோளாறு.

நூல்கண்டு | சனி, இரவு 11:05

இப்போது விஷயம் சுவாரசியமாகிறது. குடவாசல்காரன், எனக்காக ஒரு வேலை செய்வீர்களா? 412-ஐயும் மறுபடி வரிசையாக ஏற்றுங்கள். 001-ஐப் போட்டு எந்த இடம் ஒலிக்கிறது என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 100-இலிருந்து ஒவ்வொன்றாகப் போய், அதே இடம் வேறு எந்த எண்ணிலாவது ஒலிக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வேண்டாம், கணினியில் செருகியபடியே திறந்து கேளுங்கள். பெட்டியின் பாட்டுப் பாடும் பகுதி தப்பு செய்கிறதா, சேமிப்பே தப்பா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

குடவாசல்காரன் | ஞாயிறு, பகல் 12:40

அம்மா, நீங்கள் மந்திரவாதியா?

கணினியில் கேட்டாலும் அதே வில்லுப்பாட்டுதான். 001-ஐ அழுத்தினால் வருவது உண்மையில் 360ஆம் கோப்பின் நடுப்பகுதி. 360-ஐ எனக்கு நன்றாகத் தெரியும், அதில் ஒரு குழந்தை அழும். அதே அழுகை 121-லும் வருகிறது, ஆனால் சில நிமிடம் தள்ளி. 240-லும் வருகிறது! நான்கு எண்களில் ஒரே குழந்தை அழுகிறது. 412-இலிருந்து பின்னோக்கி வந்தால் 294 வரை எல்லாம் சரியாக இருக்கின்றன.

நூல்கண்டு | ஞாயிறு, பகல் 1:15

மந்திரம் இல்லை, வகுத்து மீதி காண்கிற நாலாம் வகுப்புக் கணக்கு.

001, 121, 240, 360. இடைவெளி ஏறக்குறைய 120 கோப்புகள். உங்கள் கணினியில் முதல் 120 கோப்புகளைத் தேர்ந்தெடுத்து மொத்த அளவைப் பாருங்கள். 1.8 ஜிபிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பெட்டிக்குள் இருப்பது 2 ஜிபி சில்லுதான். கணினியிடம் "நான் 16" என்று சொல்லும்படி அதன் கட்டுப்படுத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒரு மென்பொருளைக் கொண்டு அந்த எண்ணை மாற்றிவிடலாம், சில்லில் கைவைக்கவே வேண்டாம். கணினி அதை நம்புகிறது. 1.8 ஜிபி தீர்ந்ததும் எழுதும் இடம் மறுபடி தொடக்கத்துக்கே போய்விடுகிறது, செக்கு மாடு போல. 121ஆம் கோப்பு 001-இன் தலையில் எழுதப்படுகிறது, 240 அதன் தலையில், 360 அதன் தலையில். 6.2 ஜிபி ஏற்றினீர்கள், மூன்றரைச் சுற்று. கடைசியாக எழுதிய 1.8 ஜிபி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது, அதனால்தான் 294-க்கு மேல் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன.

பெயர்களும் அளவுகளும் ஏன் சரியாகத் தெரிகின்றன என்றால், அந்த அட்டவணை இருக்கும் பகுதியை மட்டும் சுற்றில் சிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கும் தொழில் நேர்த்தி இருக்கிறது பாருங்கள்! அட்டவணை கெட்டால் முதல் நாளே பிடிபட்டுவிடுவான்.

நடுவிலிருந்து பாடுவதற்கும் காரணம் உண்டு. எம்பி3 என்பது சின்னச் சின்னச் சட்டகங்களின் கோவை. ஒவ்வொன்றும் 1152 ஒலி மாதிரிகள், நம் வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 26 மில்லிநொடி. எந்த இடத்தில் வெட்டி நுழைந்தாலும் அடுத்த சட்டகத்தின் தலையைக் கண்டுபிடித்து அங்கிருந்து பாட ஆரம்பித்துவிடும். இதுவே ஆவணமோ நிழற்படமோ ஆனால் திறக்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கும், நீங்களும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள்.

குடவாசல்காரன் | ஞாயிறு, பகல் 1:22

முதல் 120 கோப்புகள்: 1.81 ஜிபி.

கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

சந்தேகராசா | ஞாயிறு, பகல் 1:30

நூல்கண்டு அவர்களுக்கு வணக்கம். என் குத்தலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம்: 16 என்று சொல்லி 14.8 காட்டியதே, அதுவே ஏமாற்றுதானே?

நூல்கண்டு | ஞாயிறு, பகல் 1:44

அது ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. நேர்மையான 16-உம் 14.9 அளவில்தான் தெரியும். சொல்லப்போனால் அந்த 14.8தான் இந்தப் பொய்யை நம்பவைத்தது.

ஊகம் போதாது, குடவாசல்காரன். சோதனை அறிக்கை வேண்டும், பணம் திரும்பக் கேட்க உதவும். ஜெர்மனியின் கணினி இதழ் ஒன்றில் உருவான எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. பெட்டி முழுவதையும் தன் கோப்புகளால் நிரப்பி, பிறகு எழுதியதெல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. பெட்டியில் உள்ளதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 4:10

முதல் பதிவில் இருந்த விற்பனைத் தளத்தின் பெயரையும் இணைப்பையும் நீக்கியிருக்கிறேன். இந்தப் பெட்டி எல்லாத் தளங்களிலும் வேறு வேறு பெயரில் கிடைக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை வேண்டாம்.

குடவாசல்காரன் | திங்கள், காலை 6:05

இரவு 9 மணிக்குத் தொடங்கினேன். எழுதும் வேகம் நொடிக்கு 1.4 எம்பி. எழுதி முடிக்கவே மூன்று மணி நேரம், பிறகு படிப்பது. காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பில்: 1.8 ஜிபி சரி, 13 ஜிபி இழப்பு. படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் ஆத்திரம் விற்றவர் மேல்கூட இல்லை, அந்த நாலரை நட்சத்திரத்தின் மேல். மறுபடி போய்ப் படித்துப் பார்த்தேன். "அருமை, ஒலி தெளிவு, பேரனுக்குப் பிடித்திருக்கிறது." எல்லாரும் வந்த அன்றே இருபது பாட்டு ஏற்றிவிட்டு எழுதியவர்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை!

ஊர்க்குருவி | திங்கள், காலை 8:20

திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதா?

குடவாசல்காரன் | திங்கள், காலை 8:31

ஏழு நாள் கெடு. இன்று ஒன்பதாம் நாள். கேட்டுப் பார்த்தேன், கெடு முடிந்துவிட்டது என்று தானியங்கிப் பதில் வந்தது.

ஊர்க்குருவி | திங்கள், காலை 9:02

விடாதீர்கள். ஏழு நாள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கெடு. சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்பது அதற்குள் அடங்குகிற விஷயம் அல்ல. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் அவருடைய மின்னஞ்சல் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே எழுதுங்கள். அறிக்கைப் படத்தையும், "16 ஜிபி" என்று விளம்பரம் செய்த பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்துவிடுங்கள், நாளை இருக்காது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. 899 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. 1915 என்று கடிதத்தில் எழுதினாலே பல நேரம் வேலை நடந்துவிடும்.

மஞ்சள்மண்டி | திங்கள், காலை 10:15

புதிய நிலைபொருள் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றினால் 16 ஜிபி வந்துவிடாதா? ஒரு தளத்தில் இதே பெட்டியின் படத்தோடு ஒரு கோப்பு இருக்கிறது.

பழையரேடியோ | திங்கள், காலை 10:50

வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். படத்தில் தெரிவது உறை. உள்ளே இருக்கும் பலகைக்கும் திரைக்கும் பொருந்தாத நிலைபொருளை ஏற்றினால் அடுத்த நொடி வெள்ளைத் திரை. பாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் சில பெட்டிகள் மீட்பு நிலைக்கு வரும். ஆனால் அசல் நிலைபொருள் கையில் இல்லாமல் மீட்டு என்ன செய்வது? இதை நான் செய்து கெடுத்த பெட்டிகள் மூன்று இன்னும் என் மேசை அறையில் கிடக்கின்றன.

படியைக் குறுக்கி வைத்தவனிடம் வாங்கிய படியில் எத்தனை முறை அளந்தாலும் நெல் கூடாது. 2 ஜிபி சில்லு 2 ஜிபிதான். நிலைபொருளால் இடம் முளைக்காது.

நூல்கண்டு | திங்கள், பகல் 11:30

பணம் வருகிறதோ இல்லையோ, பெட்டியைப் பயன்படுத்த இரண்டு வழிகள்.

ஒன்று, பகிர்வை, அதாவது சேமிப்பில் கோப்புகளுக்கென்று ஒதுக்கிய பகுதியைச் சுருக்குவது. விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து, பெட்டியைத் தேர்ந்தெடுத்து, துடைத்துவிட்டு, 1,700 எம்பிக்கு மட்டும் ஒரு பகிர்வை உருவாக்கி ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ய வேண்டும். கணினிக்கு அதற்கு மேல் இடம் இருப்பதே தெரியாது. எந்த வட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று மூன்று முறை பாருங்கள். எண் தவறினால் துடைக்கப்படுவது உங்கள் கணினி.

இது படியாவிட்டால் வேலி போடுகிற வழி ஒன்று இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

குடவாசல்காரன் | திங்கள், இரவு 8:35

சுருக்கினேன். கணினியில் அழகாக 1.66 ஜிபி என்று காட்டியது. பெட்டியைப் பிடுங்கி எழுப்பினால் திரையில் வட்டுப் பிழை, அப்படியே உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. மறுபடி தொடங்க வைக்க ஊசி குத்தும் துளையும் இல்லை. என்ன செய்ய?

பழையரேடியோ | திங்கள், இரவு 8:50

ஒன்றும் செய்யாதீர்கள். திரை எரிந்துகொண்டே இருக்கட்டும், பேட்டரி தீர்ந்ததும் தானாக அணையும். பிறகு செருகி எழுப்புங்கள். இந்தப் பெட்டி தனக்கென்று ஓர் அமைப்பை எதிர்பார்க்கிறது போலிருக்கிறது, நீங்கள் போட்ட பகிர்வு அதற்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் பட்டியலிலேயே ஃபார்மட் இருக்கும், அதைக் கொடுத்தால் பழைய நிலைக்கு வரும்.

கேபிள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் பல கேபிள்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. சார்ஜ் ஏறும், கணினி கண்டுகொள்ளாது. பெட்டி செத்துவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேபிளை மாற்றித்தான் கொடுத்தனுப்புகிறேன்.

குடவாசல்காரன் | செவ்வாய், காலை 7:10

விடியற்காலையில் அணைந்திருந்தது. செருகினேன், எழுந்தது. அதன் பட்டியலில் ஃபார்மட் கொடுத்தேன். மறுபடி 14.8 ஜிபி! பொய்யைத் திருத்தினால் செத்துப்போகிறது, பொய்யோடு விட்டால் உயிர் வருகிறது.

நூல்கண்டு | செவ்வாய், காலை 9:40

சரி, வேலி போடுவோம். பெட்டி 16 என்றே நம்பிக்கொண்டிருக்கட்டும். பொய்யான நிலத்தை நாம் முள்ளைப் போட்டு அடைத்துவிடுவோம்.

புதிதாக ஃபார்மட் செய்த பெட்டியில் முதலில் ஒரே ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். 1,700 எம்பி அளவுள்ள படம் ஏதாவது போதும். அது முதலிலிருந்து 1,700 எம்பி நிலத்தை, அதாவது உண்மையான நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூவை ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் 13 ஜிபியையும் அது தன் கோப்புகளால் நிரப்பும். அப்போது அந்தப் படம் சிதைந்துபோகும், கவலை வேண்டாம். சரிபார்க்கும் கட்டத்தை நிறுத்திவிடலாம். கடைசியில் அந்தப் படத்தை மட்டும் அழியுங்கள். இப்போது காலியாக இருப்பது உண்மையான நிலம் மட்டும். பாட்டுகள் அங்கே தவிர வேறெங்கும் போக வழியில்லை. பெட்டி இசைக் கோப்புகளை மட்டும் பட்டியலிடும் என்றால் அந்த நிரப்புக் கோப்புகள் அப்பாவின் கண்ணில் படாது.

சந்தேகராசா | செவ்வாய், காலை 10:05

வேலிக் கோப்பை யாராவது தெரியாமல் அழித்துவிட்டால்?

நூல்கண்டு | செவ்வாய், காலை 10:09

மாடு உள்ளே வரும். அதற்குப் பூட்டு இல்லை. பேரப்பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொக்குவிலான் | செவ்வாய், மாலை 5:30

நானும் தகப்பனாரின் ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றியவன் என்பதால் சொல்கிறேன். 1,700 எம்பியில் நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் முப்பது நாடாக்கள்தான் கொள்ளும், ஒரு மணி நேர நாடா ஒன்றுக்கு 55 எம்பி. ஆனால் ஒற்றை ஒலிவாங்கியில் பதிவு செய்த நாகஸ்வரத்துக்கு இரண்டு தடம் எதற்கு? இரண்டிலும் ஒரே சத்தந்தான். ஒற்றைத் தடமாக 64 வீதத்துக்கு மாற்றுங்கள். தடம் ஒன்றுக்குக் கிடைக்கும் வீதம் முன்பு இருந்ததுதான், காதுக்கு வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. இடம் பாதியாகும், அறுபது நாடாக்கள் கொள்ளும். மூலக் கோப்புகளை மட்டும் பத்திரமாக வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியதிலிருந்து மறுபடி மாற்றாதீர்கள்.

குடவாசல்காரன் | வியாழன், இரவு 9:50

வேலி நிற்கிறது! கணினியே இப்போது 1.66 ஜிபி காலி என்கிறது. ஒற்றைத் தடத்தில் 60 கேசட்டுகள் ஏறிவிட்டன. எந்த அறுபது என்று அப்பாவிடம் கேட்டேன். அரை நாள் திண்ணையில் கேசட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு பொறுக்கினார். வில்லுப்பாட்டில் ஒன்றைக்கூட விடவில்லை. என்னுடைய கல்யாண ரிசப்ஷன் கேசட் கழிந்துவிட்டது.

பொறுக்கியவற்றுக்கு 001-இலிருந்து புதிதாக எண் போட்டேன், 215 கோப்புகள். ஆனால் ஒரு சிக்கல். 001, 002 என்ற வரிசையில் பாடாமல் 017, 003, 112 என்று தாவுகிறது.

பழையரேடியோ | வியாழன், இரவு 10:04

இந்த மலிவுப் பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை. அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். எல்லாவற்றையும் ஒரே பிடியாக இழுத்துப் போடும்போது வரிசை கலைந்துவிடுகிறது. பாட்டுகளை மட்டும் அழித்துவிட்டு (வேலியை அல்ல!) பெயர் வரிசையில் அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முதல் கோப்பைப் பிடித்து இழுங்கள். அதற்கும் படியாவிட்டால் ஃபேட்சார்ட் என்ற நிரல் அட்டவணையை வரிசைப்படுத்தித் தரும்.

எண் வைத்தது நல்ல காரியம். தமிழில் பெயர் வைத்திருந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும், இவற்றில் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை.

பேட்டரி எவ்வளவு நேரம் வருகிறது?

குடவாசல்காரன் | வெள்ளி, காலை 6:40

பெட்டியின் மேல் பேட்டரியின் கொள்ளளவு 600 எம்ஏஎச் என்றிருக்கிறது. அப்பா கேட்பது நாலு மணி நேரம், அதற்குள் தீர்ந்துவிடுகிறது. முதல் கோப்பைப் பிடித்து இழுத்தேன், வரிசை சரியாகிவிட்டது.

பழையரேடியோ | வெள்ளி, காலை 7:15

அந்த 600-உம் அந்த 16-உம் ஒரே வாயிலிருந்து வந்தவை. இதே உறையுள்ள ஒன்றை நேற்று மேசையில் பிரித்தேன். வெள்ளிக் காகிதம் போர்த்திய மெல்லிய பேட்டரி, மேலே 401730 என்று அச்சிட்டிருந்தது. அது விலாசம் மாதிரி, படிக்கத் தெரிந்தால் போதும்: கனம் 4 மில்லிமீட்டர், அகலம் 17, நீளம் 30. கட்டைவிரல் நகம் இரண்டை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அந்த உடம்பில் 150 எம்ஏஎச் பக்கத்தில்தான் கொள்ளும். பேட்டரியைப் பற்ற வைத்திருந்த ஈயமும் பாதிதான் பிடித்திருந்தது.

இரவு முழுவதும் சார்ஜில் விடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்க விடாதீர்கள். திரை ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலோ, முதுகுப் பக்கம் புடைத்தாலோ அன்றே நிறுத்திவிடுங்கள், உள்ளே பேட்டரி ஊதுகிறது என்று அர்த்தம். குத்தியோ அழுத்தியோ பார்க்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் பயமுறுத்தத் தயங்க மாட்டேன்.

ஊர்க்குருவி | வெள்ளி, காலை 9:00

புகார் என்ன ஆயிற்று?

குடவாசல்காரன் | அடுத்த புதன், மாலை 6:20

899 ரூபாயும் வந்துவிட்டது. முதல் பதிலில் "தங்கள் கணினியைச் சரிபார்க்கவும்" என்றார்கள். சிவப்பு அறிக்கையை மறுபடி அனுப்பி, 1915-க்கு எழுதப்போகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். ஆறாம் நாள் பணம் வந்தது. பொருளை எடுத்துக்கொள்ள ஆள் வருவார் என்றார்கள், இதுவரை வரவில்லை. வந்தால் வேலியைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்துவிடுவேன். அப்பா கொடுப்பாரா என்பதுதான் கேள்வி.

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணுக்கு நேரே ராகமும், ஊரும், எந்த வருடத்துத் திருவிழா என்பதும் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் "என்ன கேட்கிறீர்கள், 88ஆ, 130ஆ?" என்று கேட்கிறார்.

ஒரே ஒரு குறை. 47, மோகனம், முடிகிற நேரத்தில் சட்டென்று அறுந்துவிடுகிறது. வேலி ஓட்டையாகிவிட்டதோ?

நூல்கண்டு | அடுத்த புதன், மாலை 6:45

கணினியில் இருக்கும் மூலக் கோப்பைப் போட்டுப் பாருங்கள்.

குடவாசல்காரன் | அடுத்த புதன், இரவு 7:30

அதிலும் அதே இடத்தில் அறுகிறது. கேசட்டையே தேடி எடுத்துப் போட்டேன், அதிலும்தான். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கம் முப்பது நிமிடம். அப்பாவிடம் சொன்னேன்.

"அது அப்படித்தான். நாடா தீர்ந்துபோயிற்று, திருப்பிப் போடுவதற்குள் அவர் முடித்துவிட்டார்" என்கிறார்.